ருஷ்ய வால்ட்ஸும் நம் நாட்டு நோட்டுஸ்வரமும்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி, ஐயங்கார்குளம்)

கும்மி கொட்டத் தெரியாத பெண் நம் பள்ளியில் யாரேனும் உண்டா? பொங்கல் விழாவில் வட்டமாக நின்று கும்மியடிக்கும்போது கையை உற்றுக் கவனியுங்கள். 'தகிட தகிட' என்று மும்மூன்றாகத் தாளம் ஓடும். முதல் தட்டு ஓங்கி விழும். பின் இரண்டும் மெல்ல வரும். இதைத்தான் பாட்டு வாத்தியார்கள் திச்ர நடை என்கிறார்கள். இந்த மூன்றையே மேனாட்டில் வாத்தியக் குழு வாசிக்க, ஆணும் பெண்ணும் ஜோடியாகச் சுழன்று ஆடினால் அதற்கு வால்ட்ஸ் என்று பெயர். மூன்று அடியில் அரைச் சுற்று, ஆறு அடியில் முழுச் சுற்று. கும்மியில் வட்டம் மட்டும் சுற்றும்; வால்ட்ஸில் வட்டமும் சுற்றும், வட்டத்தில் நிற்கும் ஒவ்வொரு ஜோடியும் தனித்தனியே சுற்றும். பூமி சூரியனைச் சுற்றிக்கொண்டே தன்னையும் சுற்றிக்கொள்கிறதே, அது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மன் மொழியில் 'வால்ட்சன்' என்றால் சுழலுதல், உருளுதல் என்று பொருள். ஆஸ்திரியாவிலும் தென் ஜெர்மனியிலும் குடியானவர்கள் அறுவடை முடிந்த களத்திலும் சத்திரத்து முற்றத்திலும் ஆடிய ஆட்டம் இது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வியன்னா நகரத்து மாளிகைகளுக்குள் புகுந்தது. பெரியவர்கள் சும்மா இருப்பார்களா? ஆணும் பெண்ணும் இப்படி நெருங்கி ஆடுவது தகுமா என்று எங்கும் கண்டனம் எழுந்தது. 1816ஆம் ஆண்டில் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையே இதைக் கடிந்து எழுதியது. நம் சிஸ்டர்கள் இதைப் படித்தால் பத்திரிகையின் பக்கமே நிற்பார்கள் என்று நினைக்கிறேன்! ஆனால் இக்கட்டுரை ஆட்டத்தைப் பற்றியது அன்று. அந்த மூன்று தட்டு ஊர் ஊராகப் பயணம் செய்த கதையைப் பற்றியது.

அதே 1816ஆம் ஆண்டில் ருஷ்ய நாட்டில் ஒரு வேடிக்கை நடந்தது. அந்நாட்டுக்கென்று ஒரு தேசிய கீதம் வேண்டும் என்று எண்ணினார்கள். ஜுக்கோவ்ஸ்கி என்ற கவிஞர் 'ருஷ்யரின் வேண்டுதல்' என்று பாட்டு எழுதியிருந்தார். மெட்டு? இங்கிலாந்து அரசரை வாழ்த்தும் கீதத்தின் மெட்டையே எடுத்துக்கொண்டார்கள். அது வால்ட்ஸ் அன்று, வால்ட்ஸுக்கு முந்தியது. ஆனால் மூன்று தட்டில் நடக்கும் மெட்டு. 1833 வரையில் பதினேழு ஆண்டுகள் ருஷ்யர்கள் தங்கள் ஜார் மன்னரை ஆங்கிலேயர் மெட்டில்தான் வாழ்த்தினார்கள்.

ஏறக்குறைய அந்தக் காலத்தில் இதே மெட்டை நம் தமிழ்நாட்டிலும் ஒருவர் பாடிக்கொண்டிருந்தார். அவர் அரசர் எவரையும் வாழ்த்தவில்லை. இசைக்குத் தெய்வமாகிய சங்கீத சியாமளையை 'சந்ததம் பாஹிமாம்' என்று சமஸ்கிருதத்தில் வேண்டினார். அவர்தாம் சங்கீத மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர்.

தீட்சிதர் 1775இல் திருவாரூரில் பிறந்தவர் என்பதை நாம் அறிவோம். ஆனால் அவருடைய இளமைப் பருவத்தில் ஒரு பகுதி சென்னைக்கு வடக்கே உள்ள மணலியில் கழிந்தது என்பது பலருக்குத் தெரியாது. அவருடைய தந்தை ராமசுவாமி தீட்சிதரை மணலி முத்துகிருஷ்ண முதலியார் என்ற செல்வந்தர் குடும்பத்தோடு அழைத்து வந்து ஆதரித்தார். அவருக்குப் பின் அவர் மகன் வேங்கடகிருஷ்ண முதலியார் ஆதரித்தார். இந்த முதலியார் கிழக்கிந்தியக் கம்பெனியாருக்குத் துபாஷ், அதாவது மொழிபெயர்த்துச் சொல்பவர். கோட்டையில் அவருக்கு நல்ல செல்வாக்கு. தீட்சிதரையும் அவருடைய தம்பிமாரையும் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துச் சென்று துரைமார்களின் பேண்டு வாத்தியத்தைக் கேட்கச் செய்தார் என்று வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

அங்கே அவர்கள் கேட்டவை பெரிய சங்கீத மேதைகளின் படைப்புகள் அல்ல. பெரும்பாலும் ஐரிஷ்காரர், ஸ்காட்லாந்துக்காரர் ஆடுகிற நாட்டு நடன மெட்டுகள்; சிப்பாய்களின் நடைப் பாட்டுகள். கேட்ட மெட்டுகளைத் தீட்சிதர் மனத்தில் வாங்கிக்கொண்டு அவற்றுக்குத் தெய்வத் துதிகளைப் பொருத்தினார். இப்படிப் பிறந்தவைதான் நோட்டுஸ்வர சாகித்தியங்கள். ஏறக்குறைய 40 இருக்கின்றன. 'லார்டு மெக்டொனால்டின் ரீல்' என்னும் ஸ்காட்லாந்து ஆட்ட மெட்டு 'ஜகதீச குருகுஹ' என்று ஆயிற்று. நாமெல்லாம் ஒன்றாம் வகுப்பில் நட்சத்திரத்தைப் பார்த்துப் பாடினோமே ஓர் ஆங்கிலப் பாட்டு, அந்த மெட்டு 'சியாமளே மீனாட்சி' என்று ஆகியிருக்கிறது. அந்த மெட்டும் இங்கிலாந்தில் பிறந்ததன்று. பிரெஞ்சு நாட்டிலிருந்து வந்தது. நம் காஞ்சி ஏகாம்பரநாதர் பேரிலும் ஒரு நோட்டுஸ்வரம் உண்டு. தீட்சிதர் பின்னாளில் காஞ்சிபுரத்தில் சில ஆண்டுகள் தங்கி, உபநிஷத் பிரம்மேந்திரர் என்னும் துறவியிடம் வேதாந்தம் கேட்டவர். ஐயங்கார்குளத்திலிருந்து காஞ்சிக்குப் பேருந்தில் போகும்போதெல்லாம் இது எனக்கு நினைவுக்கு வரும்.

இனி ஒரு கேள்வி. எங்கள் வகுப்பில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது ஒரு தோழி, "அப்படியானால் தீட்சிதர் காப்பியடித்தார் என்றுதானே அர்த்தம்?" என்று கேட்டுவிட்டாள். வகுப்பே சிரித்தது. ஆனால் கேள்வி சிரித்து ஒதுக்கக்கூடியதன்று. எங்கள் வீட்டில் பாட்டியம்மாள், "கான்வென்டில் துரைமார் பாட்டு கற்றுக்கொடுக்கிறார்களாம், நம் பாட்டு எங்கே போயிற்று?" என்று கேட்பதும் இதே கேள்வியின் மறுபக்கம்தான். ஒரு மெட்டு யாருக்குச் சொந்தம்? பக்கத்துப் பெண்ணின் விடைத்தாளைப் பார்த்து எழுதுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

இதற்கு விடை காண ருஷ்யர்கள் வால்ட்ஸை என்ன செய்தார்கள் என்று பார்ப்போம்.

முதலில், அவர்கள் அந்த ஆங்கிலேய மெட்டை நெடுநாள் வைத்துக்கொள்ளவில்லை. ஜார் முதலாம் நிக்கொலாஸுக்கு அதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போயிற்று. நமக்கென்று ஒரு மெட்டு வேண்டாமா என்று ல்வோவ் என்ற இசையறிஞரிடம் சொல்ல, 1833இல் அவர் புதிய கீதம் அமைத்துக் கொடுத்தார். ஆனால் வால்ட்ஸை அவர்கள் விடவில்லை. வியன்னாவிலிருந்து வந்த விருந்தாளி அது. அதைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாகவே வளர்த்துவிட்டார்கள்.

முன்னோடியாக ஒருவரைச் சொல்ல வேண்டும். கிரிபயேதோவ் என்பவர் நாடக ஆசிரியர், அரசாங்கத் தூதர். 1829இல் டெஹ்ரான் நகரில் தூதரகத்தைக் கும்பல் தாக்கியபோது கொல்லப்பட்டார். அவர் பியானோவுக்காக எழுதிய இரண்டே இரண்டு சிறிய வால்ட்ஸுகள் இன்றும் ருஷ்யப் பிள்ளைகளின் விரல்களில் பழகி வருகின்றன. அடுத்து கிளிங்கா (1804-1857). ருஷ்ய இசையின் தந்தை என்று இவரைப் போற்றுவார்கள். 1839இல் பியானோவுக்காக ஒரு வால்ட்ஸ் கற்பனை எழுதி, பிறகு அதை முழு வாத்தியக் குழுவுக்கும் விரித்து அமைத்தார். வியன்னா வால்ட்ஸ் நான்கு நான்கு சுற்றுகளாகச் சதுரமாக நடக்கும். கிளிங்கா தம் முதல் மெட்டை மூன்று மூன்று சுற்றுகளாக அமைத்தார். காலெடுத்து வைக்கப் போன ஆட்டக்காரர் ஒரு கணம் தயங்கி நிற்பது போல இருக்கும்.

இன்னொன்றும் செய்தார். நம் சங்கராபரணம், 29ஆவது மேளகர்த்தா, மேனாட்டாரின் மேஜர் என்ற சுர வரிசைக்கு ஒப்பானது. வியன்னா வால்ட்ஸுகள் பெரும்பாலும் அதில்தான் களிப்போடு துள்ளும். கிளிங்கா மைனர் என்ற வரிசையை எடுத்துக்கொண்டார். அது நமக்கு நடபைரவி, கீரவாணி ஆகிய 20, 21ஆவது மேளங்களுக்கு அருகில் வரும். கீரவாணி என்றதும் நெஞ்சில் ஒரு கனம் இறங்குகிறதல்லவா? கால் ஆடும், கண் கலங்கும். ருஷ்ய வால்ட்ஸின் தனி இயல்பு இதுவே என்று நான் கருதுகிறேன்.

இதற்கிடையில் வியன்னாவின் வால்ட்ஸ் மன்னர் இளைய யோகான் ஸ்ட்ராஸே ருஷ்யாவுக்கு வந்து சேர்ந்தார். வரவழைத்தவர் யார் தெரியுமா? ஒரு ரயில்வே கம்பெனி! ருஷ்யாவின் முதல் ரயில் பாதை தலைநகர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து 1837இல் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பாவ்லோவ்ஸ்க் என்ற பூங்கா ஊர் வரை நீண்டது. ரயிலில் ஏற ஜனங்கள் வேண்டுமே! பாவ்லோவ்ஸ்க் நிலையத்தோடு ஒரு கச்சேரி மண்டபமும் கட்டினார்கள். 1856 முதல் 1865 வரை கோடைதோறும் ஸ்ட்ராஸ் அங்கே வந்து கச்சேரி நடத்தினார். சம்பளத்தைக் கேட்டால் ரயிலையே விலைக்கு வாங்கியிருப்பார் போலும். 1865ஆம் ஆண்டுக் கச்சேரி ஒன்றில், அப்போது இசைக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர் எழுதிய நடன இசையை அவர் வாசித்துக் காட்டினார். அந்த இளைஞருடைய படைப்பு பொதுமக்கள் முன் ஒலித்தது அதுவே முதல் முறை. அவர்தாம் சாய்கோவ்ஸ்கி.

சாய்கோவ்ஸ்கியை (1840-1893) விட்டுவிட்டு ருஷ்ய வால்ட்ஸைப் பற்றி எழுதினால் உப்பில்லாத பண்டமாகிவிடும். 'அன்னப் பொய்கை' (1877), 'உறங்கும் அழகி' (1890), 'பாக்குவெட்டி' (1892) ஆகிய மூன்று பாலே நாடகங்களிலும் அவருடைய வால்ட்ஸுகள் உள்ளன. 'பாக்குவெட்டி' என்றதும் சிரிக்காதீர்கள். கொட்டை உடைக்கும் கருவி வடிவில் செய்த ஒரு மரப் பொம்மை கிறிஸ்துமஸ் இரவில் உயிர் பெறும் கதை அது. அதில் வரும் 'மலர்களின் வால்ட்ஸ்' உலகப் புகழ் பெற்றது. ஆனால் நாடகத்துக்கு வால்ட்ஸ் எழுதுவது புதுமையல்ல. சாய்கோவ்ஸ்கி அதைச் சிம்பொனிக்குள்ளேயே கொண்டுபோய் உட்கார வைத்தார். அவருடைய ஐந்தாம் சிம்பொனியில் (1888) மூன்றாம் பகுதி முழுக்க வால்ட்ஸ். ஊர்க் களத்தில் ஆடிய ஆட்டம் சபையின் நடுவில் பட்டுப் பாயில் அமர்ந்தது போல!

ஆறாம் சிம்பொனியில் இன்னும் ஒரு படி மேலே போனார். அதன் இரண்டாம் பகுதியைக் கேட்டால் வால்ட்ஸ் போலவே இழையும்; எண்ணிப் பார்த்தால் மூன்று இல்லை, ஐந்து. மேனாட்டுக் காதுக்கு அது நொண்டி வால்ட்ஸாகப் பட்டது. ஹான்ஸ்லிக் என்ற வியன்னா விமர்சகர் இதை ஆறு தட்டில் எழுதியிருந்தால் யாருக்கும் தொல்லை இராதே என்று குறைப்பட்டுக்கொண்டார். நமக்கோ அது 'தக தகிட', இரண்டும் மூன்றும் சேர்ந்த கண்ட நடை. நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பால பாடம்! இந்தச் சிம்பொனி 1893 அக்டோபரில் அரங்கேறிய ஒன்பதாம் நாள் சாய்கோவ்ஸ்கி காலமானார்.

மாளிகையிலும் அரங்கிலும் ஒலித்த வால்ட்ஸ் போர்க்களத்துக்கும் போயிற்று. 1905இல் ருஷ்யாவுக்கும் ஜப்பானுக்கும் முக்தென் என்ற இடத்தில் பெரும் போர் நடந்தது. மொக்ஷான் படைப்பிரிவு எதிரியின் வளையத்தில் சிக்கி, எண்ணற்ற வீரர்களை இழந்து மீண்டது. அந்தப் படையின் பேண்டு மாஸ்டர் இல்யா ஷாத்ரோவ் மடிந்த தோழர்களை நினைத்து 1906இல் ஓர் இசை அமைத்தார். இறந்தவர்களுக்காக எழுதுவதென்றால் நாம் ஒப்பாரியை நினைப்போம். மேனாட்டார் சவ ஊர்வல நடையை நினைப்பார்கள். ஷாத்ரோவ் எழுதியது வால்ட்ஸ்! 'மஞ்சூரியாவின் குன்றுகளில்' என்பது அதன் பெயர். ருஷ்யா முழுவதும் வீடு தவறாமல் அதைப் பாடினார்கள். எனக்கு இந்த வால்ட்ஸ்தான் எல்லாவற்றிலும் பிடித்தது. தகிட தகிட என்று அதே மூன்று தட்டுதான். ஆனால் கூட ஆடுவதற்கு ஆளில்லாத வால்ட்ஸ்.

பின் வந்தவர்களுள் ஆர்மீனியரான ஆரம் கச்சதூரியன், லெர்மன்தோவ் எழுதிய 'மாறுவேட நடனம்' என்ற நாடகத்துக்கு ஒரு வால்ட்ஸ் அமைத்தார். அந்நாடகம் மாஸ்கோவில் அரங்கேறியது 1941 ஜூன் 21. மறுநாள் விடியலில் ஹிட்லரின் படை ருஷ்யாவுக்குள் புகுந்தது. அந்த வால்ட்ஸும் மைனரில், சுழல்காற்று போல ஓடும். மறுநாள் வருவதை அறிந்து எழுதியது போலவே தோன்றும். ஷோஸ்டகோவிச், புரோகோபியேவ் ஆகியோரும் அருமையான வால்ட்ஸுகள் எழுதினார்கள். பத்தாம் வகுப்பினர் அறிய வேண்டிய செய்தி ஒன்று: துனயேவ்ஸ்கி என்பவர் 'பள்ளி வால்ட்ஸ்' என்றே ஒரு பாட்டு அமைத்திருக்கிறார். அன்றைய சோவியத் நாட்டில் பள்ளியை விட்டுப் பிரியும் மாணவ மாணவியர் கடைசி நாளில் அதைப் பாடுவது வழக்கமாயிற்று.

இப்போது தோழியின் கேள்விக்கு வருவோம். ருஷ்யர்கள் தாளத்தை எடுத்துக்கொண்டு மெட்டையும் மனநிலையையும் தங்களுடையதாகச் செய்தார்கள். தீட்சிதர் மெட்டை மாற்றவேயில்லை. எல்லாவற்றையும் சங்கராபரணத்தின் நேர் சுரங்களிலேயே வைத்தார். கமகம் என்ற அசைவைக்கூடச் சேர்க்கவில்லை. வந்த விருந்தாளிக்கு வேட்டி கட்டிவிடாமல் கால்சட்டையோடேயே பந்தியில் உட்கார வைத்தார் என்று சொல்லலாம். அவர் மாற்றியது சொல்லை. மெட்டு எதற்குப் பயன்படுகிறது என்பதை. ஆட்டத்துக்கும் அணிவகுப்புக்கும் உரியதாக இருந்தது பிரார்த்தனையாயிற்று. விடைத்தாளைப் பார்த்து எழுதுகிற பெண் அதைத் தன்னுடையது என்று காட்டி மறைப்பாள். தீட்சிதர் பாட்டுக்கோ 'நோட்டு' என்றே பெயர். எங்கிருந்து வந்தது என்பதை அது நெற்றியிலேயே எழுதிக்கொண்டிருக்கிறது. இவை எளிய சிறுவர் பாட்டுகள்தானே என்று சிலர் ஒதுக்குவதுண்டு. எளியவைதான். ஆனால் அந்தக் குடும்பத்தில் மேனாட்டு இசை வெறும் விளையாட்டாக நிற்கவில்லை. தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஒரு மேனாட்டு ஆசிரியரிடம் பிடில் கற்று, அதை நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்தார். இன்று பிடில் இல்லாத கர்நாடக சங்கீதக் கச்சேரியை நினைத்துப் பார்க்க முடியுமா?

நோட்டுஸ்வரங்கள் நமக்குக் கிடைத்ததற்குக் காரணமானவர்களுள் நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்த ஒருவரும் இருக்கிறார். சென்னை அரசுச் செயலகத்தில் பணியாற்றிய ஏ. எம். சின்னசாமி முதலியார் எம்.ஏ. அவர்கள், நம் கீர்த்தனைகள் அழிந்துபோகாமல் இருக்க வேண்டுமானால் அவற்றை மேனாட்டு ஐந்து கோட்டு முறையில் எழுதி அச்சிட வேண்டும் என்று உறுதி பூண்டார். 1892-93ஆம் ஆண்டுகளில் 'மேனாட்டுக் குறிமுறையில் கீழைநாட்டு இசை' என்ற பொருள்படும் ஆங்கில நூலைப் பகுதி பகுதியாகச் சென்னை அவே மரியா அச்சகத்தில் வெளியிட்டார். நோட்டுஸ்வரங்கள் பலவும் அதில் உள்ளன. இதற்காக எட்டயபுரம் சென்று பாலுசுவாமியின் பேரனும் வளர்ப்பு மகனுமான சுப்பராம தீட்சிதரிடம் பாடம் கேட்டு எழுதினார். கைப்பொருள் கரைந்தது, கண்பார்வையும் மங்கியது. தம்மால் முடிக்க இயலாது என்று தெரிந்தபின், சுப்பராம தீட்சிதரிடம் உள்ளவற்றையெல்லாம் அச்சேற்ற வேண்டும் என்று எட்டயபுரம் மகாராஜாவிடம் கேட்டுக்கொண்டார். அந்த வேண்டுகோளின் பலனாக 1904இல் வெளிவந்த நூல்தான் 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி'. தீட்சிதருடைய கீர்த்தனைகளுக்கு அதுவே இன்றும் ஆதாரம்.

மதுரை மணி ஐயர் கச்சேரி முடிவில் பாடிப் புகழ் பெற்ற 'இங்கிலீஷ் நோட்டு' இதற்குப் பின் வந்த பேரப்பிள்ளை. ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் இயற்றியது. எங்கள் ஊருக்கும் இதில் சிறு பங்கு உண்டு. சித்ரா பௌர்ணமி அன்று காஞ்சி வரதராஜப் பெருமாள் ஐயங்கார்குளத்துக்கு எழுந்தருளி, நடவாவிக் கிணற்றுக்குள் உள்ள மண்டபத்துக்கு இறங்குவார். சுற்று வட்டாரமே திரண்டிருக்கும். நாகசுரக்காரர்கள் மல்லாரியும் ராகமும் வாசித்துக் களைத்தபின், ஊர்வலம் நடக்கும் வேகத்துக்கு ஏற்ப ஒரு நோட்டை எடுத்துவிடுவார்கள். பிள்ளைகள் குதிப்பார்கள். எங்கள் பாட்டியம்மாளும் தலையாட்டிக் கேட்பார்கள். அது துரைமார் மெட்டு என்று நான் இதுவரை சொல்லவில்லை.